ஆண்டுக்கு அரையடி

மேற்கே வானளாவி நிற்கும் மலைநிரையின் தோள்களில் ஆனித் திங்களின் சாரல் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே சிலமலை என்னும் சிற்றூரின் வயல்களின்மேல் இளவெயில் பொன்னிறமாய்ப் பரவ, மழையும் வெயிலும் தத்தமக்குரிய இடத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்திருந்த காலைப் பொழுதில், போடிநாயக்கனூர் தன் ஏலக்காய் மணத்தோடு கண்விழித்தது. அவ்வூரில் பிறந்த மகவு தாய்ப்பாலுக்கு அடுத்தபடி அறிவது ஏலத்தின் மணத்தையே என்று ஒருவர் சொன்னால், ஊர் வணிகர் எவரும் மறுக்கமாட்டார். தம் சரக்கைப் புகழும் எச்சொல்லையும் அவர்கள் மறுத்ததில்லை. சோற்றுத் தூக்குகளை மடியில் இறுக்கிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தபடி அமர்ந்திருந்த பெண்களைச் சுமந்து, மலையூர்திகள் போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் ஒன்றன்பின் ஒன்றாய் முனகி ஏறின. அவற்றுள் ஒன்று, கணவாய்க்குக் கீழே பிரியும் மண்தடத்தில் இறங்கி, பெருமரங்களின் நிழலில் ஒதுங்கியிருந்த பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்தின் வாயிலில் நின்றது.

அத்தோட்டம் எவருடையது என்று நீவிர் வினவினால் விடை சற்று நீளும். வெள்ளையர் ஆண்ட நாளில், அம்மலையில் ஒரு மரத்தையும் நடாத, ஒரு மரத்துக்கும் நீர் வார்க்காத அன்றைய அரசு, காடனைத்தும் தனதே என்று தாளில் எழுதிக்கொண்டு, எழுதிய மை உலருமுன்னே குத்தகைக்கு ஆள் தேடத் தொடங்கிற்று. யானைக்கும் குளிர்காய்ச்சலுக்கும் அஞ்சிப் பலர் பின்வாங்க, போடியில் சில்லறைக் கடை வைத்திருந்த காசிம் ராவுத்தர் என்பவர், இற்றைக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், மனைவியின் நகையைக் கழற்றி விற்று அக்குத்தகைச் சீட்டைப் பெற்று மலையேறினார். நிழல்மரம் ஒன்றையும் வெட்டலாகாது. ஏலமன்றி வேறொன்றும் பயிரிடலாகாது. கிழக்கே ஓடை, தெற்கே பள்ளம், வடக்கே பாறை, மேற்கே ஒற்றையடிப் பாதை. அப்பாதையை ஆண்டுதோறும் செதுக்கித் துப்புரவாக வைப்பது குத்தகைக்காரர் கடமை. பாதைக்கு அப்பாலுள்ள அரசுக் காட்டில் ஒரு சாண் புகுந்தாலும் குத்தகை முழுதும் நீங்கும் என்பன அச்சீட்டின் கட்டளைகள். வெள்ளையர் போயினர், சீட்டு போகவில்லை. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும் வழக்கமும் போகவில்லை.

முன்னிரு முறையும் அளக்க வந்தோர், மரநிழலில் அமர்ந்து, தேநீர் அருந்தி, பாதை எங்கே என்று கேட்டு, அதோ என்றதும் ஒப்பமிட்டுச் சென்றனர். இம்முறை வந்தவரோ நிலா என்னும் இளம் அளவையர். தேநீரை அருந்தினார் ஆயினும் அமரவில்லை. விண்ணிற் சுழலும் செயற்கைக்கோள்களைக் கேட்டு நிலத்தின் இடமறியும் கருவியொன்றைக் கோலில் பொருத்திக்கொண்டு, முதல்நாள் முழுதும் தோட்டத்தைச் சுற்றியவர், மறுநாளாகிய இன்று, தோட்டத்து உரிமையாளர் கமர்நிசா வந்து இறங்கியதும் நேரே அவரிடம் வந்து நின்றார். கமர்நிசா ஐம்பத்திரண்டு அகவையினர். காசிம் ராவுத்தரின் பேரர் சவுகத் அலியை மணந்து இம்மலைக்கு வந்தவர். கணவர் மறைந்த பின் நான்கு ஆண்டுகளாய்த் தாமே தோட்டத்தை நடத்துபவர். விலை சரிந்தபோதும் தூக்கத்தை இழக்காத அவர், அளவையரின் முகத்தைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, உங்க மேக்குப் பாதை பழைய படத்துல இருக்கற எடத்துல இல்ல. நாப்பத்தஞ்சு அடி காட்டுக்குள்ள தள்ளி இருக்கு. அறுபது செண்டு நெலம் கூடுதலா உங்க கையில இருக்கு" என்றார் நிலா.

அருகில் நின்ற மகன் மன்சூர், போடியில் ஏலக்கடை நடத்துபவன், எதற்கும் வாதாடிப் பழகியவன், உடனே குறுக்கிட்டான். "பாதை எப்பிடி மேடம் தள்ளிப் போவும்? எங்க பாட்டையா காலத்துலருந்து இதே பாதைதான். படம் போட்டவன் தப்பாப் போட்டுருப்பான்."

"இருக்கலாம். சீட்டுல எல்லைன்னு எழுதியிருக்கறது பாதையைத்தான். அது எடம் மாறவே இல்லன்னு நீங்களும் வேலை செய்யிறவங்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டா, படம் தப்புன்னு முடிவு பண்ண எடமிருக்கு. மாறியிருக்குன்னா அது ஆக்கிரமிப்பு. அப்பறம் குத்தகை இல்ல. நாலு மணிக்கு நான் எறங்கணும்மா. அதுக்குள்ள சொல்லுங்க."

இவ்வளவும் சொன்ன நிலாவின் குரலில் மிரட்டலும் இல்லை, கையூட்டுக்கு வழிகாட்டும் இளிப்பும் இல்லை. அதுவே கமர்நிசாவைக் கலக்கியது. கடுகடுப்போரைக் குளிர்விக்கவும் இளிப்போரை அடக்கவும் அவருக்குத் தெரியும். நேர்மையாய்ப் பேசுவோரிடம் நேர்மையாய்ப் பேசுவதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு ஏக்கரும் போனால் தம் வீட்டு அடுப்பு மட்டுமன்று, சிலமலையிலிருந்து நாள்தோறும் ஏறிவரும் பதினெட்டுப் பெண்களின் அடுப்பும் அணையும் என்று எண்ணியபடி, மேற்குப் பாதையை நோக்கி அவர் தனியே நடந்தார்.

பாதை நகருமோ? ஒருவரும் வேலியைப் பிடுங்கவில்லை. ஒருவரும் இரவில் மண்வெட்டியோடு போகவில்லை. அப்படிச் செய்வோரைச் சவுகத் அலி ஒருநாளும் பொறுத்திருக்கமாட்டார். இவ்வாறு தமக்குள் சொல்லிக்கொண்டு நின்றவரின் கண்ணெதிரே, தோட்டத்தின் தலைமைப் பணிப்பெண்ணாகிய மொக்கம்மாள், பாதையோரம் களை செதுக்கிக்கொண்டு வந்தாள். கற்றறிந்த நீவிர் ஏலக்காயை உண்டிருப்பீர். அதன் பூவைக் கண்டிருப்பீரோ அறியேன். ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நிற்கும் அச்செடி, தன் பூவைத் தலையிற் சூடாமல், காலடியில் சரஞ்சரமாய்த் தரையில் இழையவிடும். ஒரு சரத்தை மிதித்தால் ஒரு கைப்பிடிக் காய் போயிற்று. ஆதலால் அம்மலையில் வேலைசெய்யும் பெண்களின் பாதங்கள், கண் பாராதபோதும் பூவுக்கு விலகும். மொக்கம்மாளும் பாதையின்மேல் நீண்டு கிடந்த சரம் ஒன்றைக் கண்டு, அதைத் தொடாமல் ஒதுங்கி, காட்டுப் பக்கமாய் அரையடி தள்ளிப் புல்லைச் செதுக்கி வழியமைத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

கமர்நிசா அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் பாதை செதுக்கும் நாளில் ஏதேனும் ஒரு சரம் குறுக்கே கிடக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு கை அரையடி விலகிச் செதுக்கும். விலகிய இடத்துக்குச் செடி பக்கக்கன்று விட்டுப் பின்தொடரும். அடுத்த ஆண்டு அதன் சரமும் குறுக்கே கிடக்கும். ஆண்டுக்கு அரையடி, தொண்ணூறு ஆண்டு. "பூவப் பாத்து, பூவப் பாத்து" என்று இருபத்தொன்பது ஆண்டுகளாய் அதே பாதையில் நின்று கூவியவர் தாமே என்பது நினைவுக்கு வரவும், அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. திருடாமலே திருடியிருக்கிறோம் என்று உணர்ந்தபோது, அவர் நெஞ்சம் நாணத்தால் சுட்டது.

பின்தொடர்ந்து வந்த மன்சூரிடம் அவர் அனைத்தையும் சொன்னார். அவன் தாழ்ந்த குரலில் பேசினான். "வேணும்னு யாரும் செய்யலையேம்மா. கையெழுத்துப் போட்டுருவோம். கேட்டா பதினெட்டுப் பேரும் போடுவாங்க."

"போடுவாளுகடா. அதான் எனக்குப் பயமா இருக்கு. பூவ மிதிக்காதீகன்னோம், தொண்ணூறு வருசமா மிதிக்கல. பொய் சொல்லுங்கன்னா அதையும் சொல்லுவாளுக. நாளைக்கு நான் எந்த மொகத்தோட அவளுக முன்னாடி நிப்பேன்?"

"உள்ளதச் சொன்னா தோட்டம் போயிரும்மா. அத்தா ஒழைச்சதெல்லாம் போயிரும்."

"போவ விடமாட்டேன்" என்றார் கமர்நிசா. அச்சொல்லில் நடுக்கமில்லை. ஏனெனில் நாணம் தணிந்த இடத்தில் அவருக்குள் ஓர் எண்ணம் முளைத்திருந்தது. அவர் மொக்கம்மாளைக் கூவியழைத்தார். "ஏ மொக்கம்மா, பழைய பாதை எங்ஙன கெடந்துச்சுன்னு உனக்கு எதாச்சும் தெரியுமா?"

"நான் சோலிக்கு வந்த நாள்லருந்து இங்ஙனதானம்மா கெடக்கு" என்ற மொக்கம்மாள், களைக்கொத்தின் காம்பில் கையை ஊன்றி எண்ணிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. இங்ஙனருந்து நாலாம் வரிசையில களை கொத்துனா கொத்து கல்லுல போய் நங்குன்னு முட்டும். ஒரு எடத்துல இல்ல, வரிசை நெடுக முட்டும். அதுனால அங்ஙன நாங்க ஆழமாக் கொத்துறதில்ல."

வரிசை நெடுகக் கல் என்றால் அது முன்னோர் கல் பாவிய பழைய பாதையே என்று தெளிந்த கமர்நிசா, அதற்குமேல் ஒன்றும் கேளாமல், விரைந்து நடந்து நிலாவை அடைந்தார். "தாயி, நீங்க எழுதப் போறது நேத்து இருந்த நெலமையவா, எறங்கும்போது இருக்குற நெலமையவா?"

நிலா அவரைக் கூர்ந்து நோக்கினார். "எறங்கும்போது என்ன இருக்கோ அதத்தான். ஆனா முன்னாடி எப்பிடி இருந்துச்சுங்கறதையும் மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேணாம். அது எப்பிடி நடந்துச்சுன்னு நானே எங்கையால எழுதித் தர்றேன். அறுபது செண்டையும் திருப்பித் தர்றேன். நாலு மணிக்குள்ள எம் பாதைய அது இருந்த எடத்துல கொண்டாந்து வைக்கிறேன். பாத்துட்டு எறங்குங்க."

அவ்வாறே பதினெட்டுப் பெண்களும் நாலாம் வரிசையின் தலைப்பில் வந்து கூடினர். மொக்கம்மாள் காட்டிய இடத்தில் மன்சூர் மண்வெட்டியை ஓங்கி இறக்க, இலைச்சருகும் கருமண்ணும் நீங்கிய குழியில், கால்பட்டுத் தேய்ந்த பலகைக்கல் ஒன்று வெளிப்பட்டது. நிலா தம் கோலை அதன்மேல் ஊன்றிக் கருவியைப் பார்த்து, "இதேதான்" என்றார். ஆனால் அக்கல்லிலிருந்து அறுநூறு அடி நீளத்துக்கு, வரிசை முழுதும் ஏலச்செடிகள் செழித்து நின்றன. அடியில் வெண்பூச் சரங்கள் கால்வைக்க இடமின்றிப் பின்னிக் கிடந்தன. பெண்கள் களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்களேயன்றி, ஒருவரும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. ஏவலை மறுக்கும் பெண்கள் அல்லர் அவர். அவர்தம் பாதங்களே மறுத்தன.

கமர்நிசா அதை அறிந்தார். வேறெவரையும் ஏவாமல், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தாமே வரிசைக்குள் இறங்கி, முதற் சரத்தின்மேல் முழுப் பாதத்தையும் பதித்தார். பூ நசுங்கிய மெல்லொலி நிற்போர் எல்லார்க்கும் கேட்டது. இரண்டாம் அடியையும் அவ்வாறே வைத்தார். மூன்றாம் அடியில் அவர் கண்கள் நிறைந்துவிட்டன. ஆயினும் கால் நிற்கவில்லை. அம்மலையில் ஒரு வழக்கம் உண்டு: தவறிப்போய்ச் சரத்தை மிதித்தவள், அச்சரத்தைத் தானே எடுத்துத் தலையிற் செருகிக்கொண்டு, பொழுது சாயும்வரை மற்றவர் கேலியைப் பொறுத்திருக்க வேண்டும். கமர்நிசா குனிந்து, தாம் நசுக்கிய சரத்தை எடுத்து, முக்காட்டின் ஓரத்தில் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார்.

"என்னத்துக்கு நிக்கிறீக? வெரசா வாங்க" என்றார்.

அடுத்து இறங்கியவள் ரோஜா என்பாள். கூட்டத்தில் வாய்த்துடுக்கு மிக்கவள். "மொதலாளியம்மாவே கொண்டையில வச்சாச்சு, இனி யார் யாரக் கேலி பண்றது?" என்று அவள் ஒரு சரத்தைத் தன் கொண்டையில் செருகவும், இறுகியிருந்த கூட்டம் இளகிற்று. பதினெட்டுப் பேரும் இறங்கினர். வெட்டினர், பிடுங்கினர், மிதித்தனர், மிதித்ததைச் சூடினர். ஒவ்வொரு கல்லாய்ப் பாதை மேலெழுந்து வந்தது. சாரல் வலுத்து, சேற்றில் கால்கள் வழுக்கி, பகலுணவுத் தூக்குகள் திறக்கப்படாமலே கிடக்க, மூன்றரை மணியளவில் கடைசிக் கல்லும் வெளிப்பட்டபோது, கல்லின் வரிசையும் நிலாவின் வரைபடத்துக் கோடும் ஓரடியும் பிழையாமல் ஒன்றாய் நின்றன.

மன்சூர் எழுதட்டுமா என்றான். கமர்நிசா தாளைக் கொடுக்கவில்லை. பூவுக்கு விலகியதால் பாதை விலகியது, விலக்கியவள் நான், நிலத்தை மீள ஒப்படைக்கிறேன் என்று, மண் ஒட்டிய கையால் மூன்று வரி எழுதி ஒப்பமிட்டார். நிலா அதை இருமுறை படித்து, தம் குறிப்பேட்டுக்குள் மடித்து வைத்தார். "இந்த மாதிரி ஒரு வாக்குமூலம் நான் வாங்குனதே இல்லம்மா. முடிவு என் கையில இல்ல. ஆனா நான் பாத்தத அப்பிடியே எழுதுவேன்" என்று சொல்லி, புதிதாய்த் திறந்த பழைய பாதையில் நடந்து இறங்கினார்.

அவர் எழுதியது வீண்போகவில்லை. ஆவணி பிறந்த பத்தாம் நாள், பழைய அளவில் பன்னிரண்டு ஏக்கரும் குறையாமல், மேலும் முப்பது ஆண்டுக்குக் குத்தகையைப் புதுப்பித்து ஆணை வந்தது. அது அறுவடைத் தொடக்கம். பாதைக்கு அப்பால் விடப்பட்ட அறுபது செண்டில், கன்னிக்காட்டு மண்ணில் வேரூன்றிய செடிகள் ஆதலால், தோட்டத்தில் எங்கும் இல்லாத அளவுக்குக் காய் திரண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற மன்சூர், "நாம வளத்ததுதானேம்மா, இந்த ஒரு தடவ மட்டும்" என்று தொடங்கினான்.

"வளத்தது நாமதான். வளந்த எடம் நம்மளுது இல்ல. நீ கூடையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வா" என்றார் கமர்நிசா, அவனும் வந்தான்.

பிறர் நிலத்தை விழுங்குவோர் ஒரே நாளில் விழுங்குவர். பூவுக்கு விலகியவர்கள் தொண்ணூறு ஆண்டு எடுத்துக்கொண்டனர். அளவுகோல் இவ்விருவர்க்கும் வேறுபாடு காண்பதில்லை, காணவும் கூடாது. பேராசையால் கடந்தவனும் பரிவால் கடந்தவளும் ஒரே எல்லைக்கு அப்பால்தான் நிற்கிறார்கள். தம் பிழை தெரிந்தபோது திரும்பி நடக்க இயல்வதே இருவரையும் பிரித்துக் காட்டும். கமர்நிசா திரும்பி நடந்தார். அதற்கு அவர் மிதிக்க வேண்டியிருந்தது தாம் வாழ்நாளெல்லாம் காத்த ஒன்றை. விடப்பட்ட அச்செடிகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன, அரசுக்கு உரியனவாய், எவரும் பறியாதனவாய், பெருமரங்களின் கீழ்த் தம் சரங்களைத் தரையில் இழையவிட்டுப் பூத்துக்கொண்டு.