பன்னிரண்டு கொப்பிகளிலும் சிவப்பரிசி

பொய் எழுத வேண்டும் என்று நினைத்து நான் எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொப்பியின் முதல் பக்கத்தில் 'காலை' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டில் 'பாண்' என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

கொப்பியைக் கொடுத்தவர் அஸ்ரா மிஸ். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து ஆராய்ச்சிக்காக வந்தவர். மாத்தளையில் எங்கள் தெரு நேசரியில் பன்னிரண்டு பிள்ளைகள். மூன்று நாள் பிள்ளை என்ன சாப்பிட்டது என்று தாய் எழுத வேண்டும். நாலாம் நாள் காலையில் ஒரு சின்னப் போத்தலில் பிள்ளையின் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டில் இருந்து பூஞ்சண விஷம் ஏதும் பிள்ளைகளின் உடம்புக்குள் போகிறதா என்று பார்க்கிறார்களாம்.

எனக்கு விஷத்தைப் பற்றிப் பயமில்லை. கிளினிக்கில் பிள்ளைகளை நிறுக்கிற மிட்வைஃப் அம்மா இந்தக் கொப்பியைப் பார்த்துவிடுவாரோ என்றுதான் பயம். என் மகள் லக்ஷிகாவுக்கு நாலு வயது. ஏழு மாதமாக அவளுடைய நிறை அட்டையில் புள்ளி பச்சைக்குள் ஏறாமல் செம்மஞ்சளிலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறை தராசில் ஏற்றும்போதும் மிட்வைஃப் அம்மா, "பாணும் பனிஸும் குடுத்துக் குடுத்தே வயித்த நெரப்பிடுறீங்க மேனகா" என்பார். என் வீட்டுக்காரர் திவாகரனுக்கோ, பேக்கரியில் எடுத்த கோதுமைப் பாணும் பனிஸும் விற்கிற பாண் வண்டிதான் பிழைப்பு. பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போகும் த்ரீவீலர். மிஞ்சுவதை வேறு யார் சாப்பிடுவது? காலையில் பாண், நேசரிக்கு ஜாம் தடவிய பாண், நாலு மணிக்குப் பனிஸ், இரவில் ரொட்டி. சோறு மத்தியானம் மட்டும், அதுவும் அவள் மனம் வைத்தால். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

கொப்பியை ஒப்படைக்கிற அன்று காலை நேசரி வாசலில் உட்கார்ந்து மூன்று நாளையும் ஒரே மூச்சில் எழுதினேன். பக்கத்தில் கலாராணி. அவளுடைய கொப்பியை எட்டிப் பார்த்தேன். 'பாலாமணி அக்காவின் நாவுலச் சிவப்பரிசிக் கஞ்சி' என்று இருந்தது. வாசிக்கவே சத்தாக இருந்தது. நானும் அதையே எழுதினேன். எனக்கு அந்தப் பக்கம் இருந்தவள் என்னுடையதைப் பார்த்தாள். அவளுடையதை அடுத்தவள் பார்த்தாள். பள்ளிக்கூடப் பரீட்சையில்கூட நாங்கள் யாரும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்திருக்க மாட்டோம்.

பாலாமணி அக்கா நாவுலையில் தெரிந்த விவசாயிகளிடம் நெல் வாங்கி, அங்கேயே குற்றி, மூட்டையோடு பஸ்ஸில் வந்து எங்கள் தெருவில் விற்கிறவர். நல்ல அரிசி என்று எல்லோரும் சொல்வோம். நான் வாங்கியதில்லை. வேக நேரமாகும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தாய்மாரை நேசரிக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைகளை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு உள்ளே போனோம். அஸ்ரா மிஸ்ஸின் மேசையில் பன்னிரண்டு கொப்பிகளும் அடுக்கி இருந்தன. பக்கத்து நாற்காலியில், மடியில் ஓர் அரிசிப் பையோடு பாலாமணி அக்கா. இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"யாரும் பயப்படாதீங்க," என்று தொடங்கினார் அஸ்ரா மிஸ். அப்படித் தொடங்கினாலே பயம்தானே வரும்? "பன்னிரண்டு புள்ளைங்களோட போத்தல்லயும் ஒரு பூஞ்சண விஷம் இருக்கு. சில பேருக்குக் கொஞ்சம், சில பேருக்குக் கூட. இது சாதாரணமா கோதுமையிலதான் வரும். ஆனா கொப்பியப் பார்த்தா நீங்க யாருமே கோதுமைச் சாப்பாடு குடுக்கல்ல."

அவர் கொப்பி அடுக்கின் மேல் கையை வைத்தார்.

"எங்களுக்கே குழப்பமா இருக்கு. எல்லாக் கொப்பியிலயும் பொதுவா இருக்கிறது ஒண்ணுதான், இவங்க அரிசி. அதனால அரிசியைப் பரிசோதனைக்கு எடுக்கிறோம். முடிவு வர்ற வரைக்கும் விக்க வேணாம்னு இவங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

பாலாமணி அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"எனக்கு வெளங்கல மிஸ்," என்றார். "இந்தத் தெருவுல என்கிட்ட அரிசி வாங்குறது மூணே வீடு. அதுல சின்னப் புள்ள உள்ள வீடு ஒண்ணுகூட இல்ல. இவங்கல்லாம் என் அரிசிய எங்க வாங்குனாங்க?"

அஸ்ரா மிஸ் மேலே இருந்த கொப்பியைத் திறந்து பார்த்தார், மூடினார், எங்களைப் பார்த்தார். ஏதாவது பேசினால் பேச்சு மாறும் என்று வாயைத் திறந்தேன்.

"மிஸ், பூஞ்சணம்னா பச்சையா பூக்குமே, அதுதானே? அத வெட்டி வீசிட்டா சரியாப் போகாதா?"

"அது வேற. இது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. வயல்லயே கதிர்ல வந்துடும், கோதுமை கப்பல் ஏறுறதுக்கு முந்தியே. மாவ அரிச்சாலும் வெயில்ல காய வச்சாலும் போகாது. பேக்கரிப் போறணையில வெந்தாலும் முழுசாப் போகாது. அதுக்காக எல்லா மாவுலயும் இருக்குன்னும் இல்ல."

தெரியாது, மணக்காது, போகாது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. பிறகு நான் எதைப் பார்த்து எதை ஒதுக்குவது? நான் எத்தனை தரம் மாவை அரித்து வெயிலில் போட்டிருக்கிறேன்! அதை ஒரு கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன்.

"என் மகளுக்கு நிறை ஏறாததுக்கு இதுதான் காரணமா மிஸ்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேற காரணமும் இருக்கலாம். என்ன சாப்பிட்டாங்கன்னு சரியாத் தெரிஞ்சாத்தான் எதையும் சொல்லலாம். உங்க கொப்பிப்படி பார்த்தா, லக்ஷிகாவுக்கு ஒண்ணுமே வந்திருக்கக் கூடாது."

ஏழு மாதமாக நான் அந்தச் செம்மஞ்சள் புள்ளியைப் பார்த்து அழுகிறேன். பதிலைத் தேடி ஒருவர் என் வாசலுக்கே வந்தபோது, அவர் கையில் கலாராணி வீட்டுக் கஞ்சியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. எழுந்து நின்றேன்.

"அந்தக் கொப்பி பொய் மிஸ். என் மக திங்கிறது பாண். காலையில, பத்து மணிக்கு, பின்னேரம், எல்லா நேரமும். அக்காவோட அரிசிய நான் தொட்டதுகூட இல்ல."

அஸ்ரா மிஸ் மற்றவர்கள் பக்கம் திரும்பி, "மத்தவங்க?" என்று கேட்டார்.

கலாராணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அவங்க வீட்டுல பாண் வண்டி இருக்கு மிஸ், பாண் திங்கிறாங்க. நாங்க எழுதினது உண்மைதான்." பத்துத் தலைகளும் ஆமாம் என்று ஆடின. நாங்கள் எல்லோரும் பார்த்து எழுதிய முதல் கொப்பியே அவளுடையதுதான்! அவள் தலைமயிரைப் பிடித்து இழுக்கலாம் போல இருந்தது.

"அப்ப பதினொரு வீடா?" என்று பாலாமணி அக்கா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போது தெருமுனையில் பாண் வண்டிப் பாட்டுக் கேட்டது. மணி நாலு.

திவாகரனிடம் நான் நேசரியில் கூட்டம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வண்டி வாசலில் நின்றது. முற்றத்தில் இருந்த பிள்ளைகள் ஒன்றுவிடாமல் படலைக்கு ஓடினார்கள். திவாகரன் யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. கண்ணாடிக் கதவைத் தூக்கி, "வழமைதானே?" என்பார், எடுத்து நீட்டுவார். "வழமைதானே தங்கச்சி? இந்தா, கிம்புலா பனிஸ். தம்பிக்கு ஜாம் பனிஸ். ஒனக்கு மாலுபாண் ரெண்டு, வழமைதானே?"

மீன் வைத்த அந்த மாலுபாண் ரெண்டும் கலாராணியின் மகனுக்கு. அவன் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "அங்கிள், ராவைக்கு ரெண்டு றாத்தல் பாண் எடுத்து வைக்கச் சொன்னாங்க அம்மா" என்று ஊருக்கே கேட்கச் சொன்னான்.

பன்னிரண்டாவது பிள்ளையும் வாங்கி முடிக்கும்வரை அஸ்ரா மிஸ் ஜன்னலோரம் நின்றார். கலாராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் யாரையும் ஏசவில்லை. மேசைக்கு வந்து பழைய கொப்பிகளைப் பையில் போட்டுக் கட்டினார். புதிதாகப் பன்னிரண்டை எடுத்து வைத்தார்.

பாலாமணி அக்கா எழுந்தார். "அரிசிய நான் கொண்டு போகலாமா மிஸ்?" என்று கேட்டார். மிஸ் தலையாட்டியதும் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களில் ஒருத்தியையும் பார்க்காமல் போனார். மன்னிப்புக் கேட்க நான் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

லக்ஷிகா வாயெல்லாம் கிம்புலா பனிஸின் சீனியோடு ஓடிவந்து என் மடியில் ஏறினாள். பனிஸைப் பிடுங்குவதா, விடுவதா? பிடுங்கினால் வேறு என்ன கொடுப்பேன்? வெளியில் திவாகரன் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். இரவு அவரிடம் இதை எப்படிச் சொல்வது? புதுக் கொப்பியைத் திறந்து முதல் கோட்டில் எழுதினேன்: 'பின்னேரம் நாலு மணி. கிம்புலா பனிஸ் ஒன்று. கொடுத்தது அப்பா.'

பக்கத்தில் நிழல் விழுந்தது. கலாராணி எட்டிப் பார்த்தாள்.

"இதப் பார்த்து எழுதாத," என்றேன். "ஒம் மகனுக்கு மாலுபாண் ரெண்டு."