காட்டிக்கொடுத்தவள்

சௌமியாவின் சைக்கிள் பின்சக்கரத்தை யாரோ பிளேடால் கிழித்திருந்தார்கள். போர்ட் பிளேர் விளையாட்டு விடுதியின் ஷெட்டில் இருந்த ஐந்து பெண்களும் அவள் பக்கமே திரும்பாமல் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முந்தின நாள்தான் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஊக்கமருந்துப் பரிசோதனைக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஜெயராணியின் சிறுநீரை எடுத்துப் போயிருந்தார்கள். ஆறு மாதமாக சைக்கிள் அணியில் அவள்தான் முதல். கோச் சுதாகர் அவளுக்கு வாரம் ஒரு ஊசி போடுவது விடுதி முழுக்கத் தெரியும். 'வைட்டமின்' என்பார். சௌமியா மட்டும்தான் வேண்டாம் என்றவள். அதனால் காட்டிக்கொடுத்தது யார் என்று எவளும் யோசிக்கக்கூட இல்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லல, ராணி."

"சுப்! வாயத் தொறக்காத" என்று ஜெயராணி சீறினாள். "எங்கப்பா மூணு வருஷமா படுக்கையில கெடக்காரு. மெடல் வந்தாத்தான் எனக்குப் போலீஸ் வேலை. உங்கப்பா சர்க்கார் ஆபீசர். நீ யோக்கியமா இருக்கலாம்டி."

சௌமியா ஊசியை மறுத்தது யோக்கியத்தால் அல்ல. ஊசிக்குப் பிறகு ஜெயராணியின் குரல் தடித்துப்போனதைக் கேட்ட பயம். தோற்ற நாட்களில் இரண்டு முறை, 'எனக்கும் போடுங்க சார்' என்று கேட்க சுதாகர் அறைவாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

ஜெயராணியின் சிறுநீரில் மருந்து இருந்தது உறுதியானதும் சுதாகர் சௌமியாவைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"ராணி தானா வெளியில வாங்கிப் போட்டுக்கிட்டா, நான் தடுத்தேன், நீ பாத்தே. கையெழுத்துப் போடு. நேஷனல்ஸ்ல அவ இடம் உனக்கு. சமஜ் கயி? புரிஞ்சுதா?"

டயரைக் கிழித்தது ராணியாகத்தான் இருக்கும்; அவளைப் பழிவாங்க ஒரு கையெழுத்து போதும். சௌமியா பேனாவை வாங்கினாள். தாளைத் திருப்பி, 'ஊசி போட்டது சுதாகர் சார். என் கண்ணால் பார்த்தேன்' என்று எழுதினாள். அவர் பறிக்கும் முன் அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"இனி எந்த டீம்லயும் உனக்கு இடம் கெடையாது!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

சௌமியா அந்தத் தாளை விசாரணையில் கொடுத்தாள்; சுதாகரின் பதவி போனது. ஜெயராணிக்கு இரண்டு வருடத் தடை.

பெரார்கஞ்ச் ஊரில் ஜெயராணியின் வீட்டுக் கதவைச் சௌமியா தட்டினாள். திறந்த ஜெயராணி, உள்ளே வா என்று சொல்லவில்லை.

"எனக்காகத்தான் எழுதினதா சொல்ல வந்தியா? உன்னப் பாத்தாலே எரியுது. போ."

கதவு அறைந்து மூடியது. சௌமியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போர்ட் பிளேர் பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்றவள், அந்த வீட்டை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.