சூடானாத்தான் பிடிக்கும்

என் வீட்டுக்காரர் பரம சாது. வரிசையில் யாராவது குறுக்கே புகுந்தால்கூட வாயைத் திறக்கமாட்டார். அப்படிப்பட்டவருக்கு எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பந்தயத் தடத்தில் காரை விரட்டியாக வேண்டும். யாரோடும் போட்டியில்லை. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் அதே காரில் நான் விடிவதற்குள் கிளம்பி, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போவேன்.

போன தடவை தடத்தில் சில சுற்றுகளிலேயே பிரேக் சூடேறி, மிதித்தாலும் வண்டி கேட்கவில்லையாம். சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பேட் வீட்டுக்கு ஓட்டுகிற சாதா ரகம், அவ்வளவுதான் தாங்கும், மாற்றவேண்டும் என்றார். எங்கள் மெக்கானிக்கின் பட்டப்பெயர் ‘அவசரம்’. ஒரு திருகைக் கழற்ற ஒரு டீ குடிக்கிறவர் என்பதால் வைத்த பெயர். என் வீட்டுக்காரர் போனில் கேட்க, அந்தப் பக்கம் யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருக்க, அவசரம் ஒரு பேடின் பெயரைச் சொல்லி, “ஆனா அது சூடானாத்தான் பிடிக்கும்” என்று எச்சரித்திருக்கிறார். இவர் காதில் விழுந்ததோ, “சூடானாலும் பிடிக்கும்”. பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்து, அதையே வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து தானே மாட்டிவிட்டார்.

எங்கள் வீடு ஒரு சரிவின் மேலே இருக்கிறது. மறுநாள் விடியலில், இரவெல்லாம் குளிரில் கிடந்த காரை இறக்கினேன். அடியில் வரும் திருப்பத்தில் மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. மூலையிலிருந்த குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளிக்கொண்டே போய்த்தான் நின்றது. தொட்டி நசுங்கிப்போனதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக்கூட வண்டிக்காகப் பிள்ளைகள் நிற்பது அந்தத் தொட்டியின் பக்கத்தில்தான். அன்றைக்கு அவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னால் அந்தக் காரைத் தொட முடியவில்லை. சாவியை எடுத்தாலும் மறுபடி வைத்துவிடுவேன். இவர் பழைய பேடையே திரும்ப மாட்டி, தினமும் தூக்கக் கலக்கத்தோடு என்னைக் கொண்டுபோய் விட்டார். வழியில் ஒரு நாள் சொன்னார்: “இனிமே தடத்துக்குப் போகமாட்டேன். அந்தப் பேச்சே வேண்டாம்.”

வருஷக்கணக்காக நான் நச்சரித்துக் கேட்டது அதைத்தான். கேட்டது கிடைத்ததும் அது வேண்டாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புழுதியும் வியர்வையுமாக வந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் தட்டில் விரலால் வரைந்து காட்டுவாரே, அந்த ஆள் எனக்கு வேண்டும். சோறு ஆறிப்போகிறது என்று அவரைத் திட்டவும் வேண்டும்.

பழைய பேட் தேய்ந்துபோயிருந்ததால் இருவருமாகப் பட்டறைக்குப் போனோம். இவர் முந்திக்கொண்டார். “வீட்டுக்கு ஓட்டுற சாதா பேடே போதும் அண்ணே.”

“அவர் கிடக்கிறார். தடத்துக்கும் போகணும், காலையில குளிர்லயும் நிக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா?” என்றேன்.

அவசரம் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “நடுத்தரமா ஒண்ணு இருக்கும்மா. முதல் மிதியிலயே பிடிக்கும். சூடும் ஓரளவு தாங்கும். ஆனா தம்பி பேராசைப்படக் கூடாது. ரெண்டு மூணு சுற்று வேகமா, ஒரு சுற்று மெதுவா ஆறவிட்டு ஓட்டணும். பிரேக் ஆயிலையும் நல்லதா மாத்திடுறேன், சாதா ஆயில் கொதிச்சுடும். சக்கரத்துல கரி படியும், துடைச்சுக்கணும்.”

“துடைக்கிறது அவர் வேலை” என்றேன்.

“உனக்குத்தான் ஓட்டவே பயமா இருக்கே. எனக்காக ஒண்ணும் நீ…” என்று இழுத்தார் இவர்.

“எனக்கு பயம்தான். அதுக்கு நீங்க ஏன் தண்டனை அனுபவிக்கணும்?”

அவசரம் புது பேடை மாட்டி, ஓட்டி ஓட்டி நிறுத்திப் பழக்கியே கொடுத்தார். மறுநாள் விடியலில் நான் எழுந்தபோது பக்கத்துப் படுக்கை காலி. குளிர்ந்த காரில் மூன்று முறை சரிவில் இறங்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, பிரேக் மறுபடி ஆறும்வரை வாசலில் காத்துக்கொண்டிருந்தார் மனிதர். என் கையில் சாவியைத் திணித்துவிட்டு, சரிவில் நடந்து இறங்கினார். நான் காரில் ஏறிப் பார்த்தால், அந்தக் குப்பைத் தொட்டி இருந்த இடத்தில் நிற்கிறார். லுங்கியும் ஸ்வெட்டருமாக.

“உங்களுக்கென்ன பைத்தியமா? தள்ளிப் போங்க!” என்று கத்தினேன்.

“நீ வா!” என்றார் கீழேயிருந்து.

எனக்கு வந்த கோபத்தில் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இறங்கினேன். திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே மிதித்தேன். கார் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அவருக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கிற அளவு இடம் இருந்தது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன்.

அவர் வந்து ஜன்னலில் குனிந்தார்.

“பிடிச்சுதா?”

“பிடிச்சிருக்கு” என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பிரேக்கைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்து, “ஆயிலும் மாத்தினது நல்லதாப் போச்சு” என்றார். இந்த மனிதருக்கு எப்போதும் காதில்தான் கோளாறு.

“உங்களைச் சொன்னேன்” என்றேன்.

லுங்கியைச் சரிசெய்துகொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். நல்லவேளை, யாரும் இல்லை. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன்.