ஆறு மணிச் சாப்பாடு

ஹில்யாவை நான் கைவிட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எல்லோரும் பார்க்க, காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு.

நெதர்லாந்தின் வடக்கே ஒரு சிறு ஆய்வு மையத்தில் அப்போது ஏழு பேர் வேலை பார்த்தோம். பதினான்கு வயதுப் பிள்ளைகளில் யார் கூட்டத்துக்குத் தலையாட்டுகிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஒரு பிள்ளையை நான்கு பேரோடு உட்காரவைத்து, திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று கேட்போம். அந்த நால்வரும் நாங்கள் சொல்லிவைத்தபடி ஒரே தவறான எண்ணைச் சொல்வார்கள். ஐந்தாவது பிள்ளை தன் கண்ணை நம்புகிறதா, அவர்களோடு சேர்ந்துகொள்கிறதா என்று குறித்துக்கொள்வோம். கூடவே வீட்டு வழக்கங்களைப் பற்றி ஒரு கேள்வித்தாள்.

அறுநூற்று நாற்பது பிள்ளைகளைப் பார்த்தோம். மாலை ஆறு மணிக்கு, அந்த ஊரின் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகள்தான் அதிகம் உறுதியாக நின்றார்கள். மையத்தின் தலைவர் லாம்பெர்ட்டுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆய்வைக் கேட்டிருந்த நகராட்சிக்கு இப்படி ஒரு வரிதான் வேண்டியிருந்தது. ‘சேர்ந்து சாப்பிடுவது பிள்ளைகளை உறுதியாக்குகிறது’ என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார்.

ஹில்யா எண்களோடு மல்லுக்கட்டுகிறவள். அவளுடைய அம்மா சர்க்கரை ஆலையில் மாலை ஷிப்ட் பார்த்தவர். ஹில்யா ஏழு வயதிலிருந்தே தானே உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்று வளர்ந்தாள். அவள் பிள்ளைகளைப் பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். நகரத்தின் கிழக்குப் பகுதிக்குள் மட்டும் பார்த்தால், சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மற்ற பகுதிகளிலும் அப்படியே.

அறிக்கையை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு முந்தைய நாள் மாடிப்படியில் என்னை மடக்கினாள்.

“யெல்மர், கிழக்குப் பகுதியில அம்மாக்கள் எல்லாம் ஷிப்ட்டுக்குப் போறாங்க. அதே தெருவுலதான் கும்பலை எதிர்த்துப் பேசினா வீட்டுக்குப் போற வழியில அடி விழுது. அந்தப் பசங்க தலையாட்டக் கத்துக்கிட்டது தெருவுல. சாப்பாட்டு மேசைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டும் சேர்ந்து வருதுன்னா ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு ஆயிடுமா?”

“ஆகாது. உன் அட்டவணையை முழுசாப் படிச்சேன். நீ சொல்றதுதான் சரி.”

“அப்போ நாளைக்குச் சொல்லு. நீ ஒருத்தன் போதும். பக்கத்துல ஒரே ஒருத்தர் இருந்தாக்கூட மனுஷன் தாங்கிடுவான், அதைத்தானே நாம தினமும் பாக்குறோம்.”

“சொல்றேன்” என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

மறுநாள் லாம்பெர்ட் மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். நான்கு பேர் சரி என்றார்கள். ஹில்யா தன் அட்டவணைகளை விரித்தாள். நிதானமாகத்தான் பேசினாள்.

லாம்பெர்ட் சிரித்தார். “ஹில்யா, உங்க அம்மா கதையை ஆய்வுக்குள்ள கொண்டுவராதேம்மா.”

ஓரிருவர் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. “என் அம்மா இந்தத் தாள்ல இல்லை, லாம்பெர்ட். கூட்டிப் பாருங்க.”

“யெல்மர், நீ என்ன சொல்றே?”

என் ஒப்பந்தம் ஜூனில் முடிவதாக இருந்தது. ஆனால் அந்த நொடியில் அதுகூட நினைவில் இல்லை. ஆறு முகங்கள் என்னைப் பார்த்தன, அவ்வளவுதான்.

“முதல் பக்கத்துல அப்படிப் போடுறதுல பெரிய தப்பு ஒண்ணும் இல்லைன்னு தோணுது” என்றேன்.

ஹில்யா தன் பெயரை அறிக்கையில் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னுடையதைப் புதுப்பித்தார்கள்.

இலையுதிர்காலத்தில் கிழக்குப் பகுதி வீடுகளுக்கு நகராட்சி கடிதம் அனுப்பியது, ‘உங்கள் பிள்ளையோடு சாப்பிட நேரம் ஒதுக்குங்கள்’ என்று. ஒரு மாலை எங்கள் கட்டடத்தைச் சுத்தம் செய்யும் மில்ட்ரெட் அந்தக் கடிதத்தோடு என் மேசைக்கு முன் வந்து நின்றாள்.

“இதை எழுதினது நீங்கதானாமே?”

“நகராட்சி அனுப்பினது அது. ஆய்வு மட்டும்தான்...”

“ஆறு மணிக்கு நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க குப்பைத்தொட்டியைத்தானே காலி பண்ணிட்டு இருக்கேன். பள்ளிக்கூடத்துல டீச்சர் என் பொண்ணைத் தனியாக் கூப்பிட்டு, அம்மா வீட்ல இருக்கிறதில்லையான்னு கேட்டாங்களாம். அழுதுக்கிட்டே வந்தா.”

தவறு எங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “பொதுவா எழுதினதுதாங்க, உங்களைக் குறிச்சு இல்லை” என்றேன். அவள் கடிதத்தை மடித்து ஏப்ரனில் வைத்துக்கொண்டு என் தொட்டியைக் காலி செய்தாள்.

சேர்ந்து சாப்பிடச் சொன்ன அந்தத் திட்டத்தை நகராட்சி இரண்டு வருடத்தில் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டது. பிள்ளைகளில் எந்த மாற்றமும் இல்லை. நான் ஹில்யாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை.

அதற்கும் பிறகு ஒரு சனிக்கிழமை, சந்தையில் பொரித்த மீன் கடையில் அவளைப் பார்த்தேன். தண்ணீர் வாரியத்தில் கணக்கிடும் வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

“என் கடிதம் கிடைச்சுதா?”

“கிடைச்சுது. அன்னைக்குச் சரின்னு சொன்ன நாலு பேர் மேல எனக்குக் கோபமே இல்லை, யெல்மர். அவங்க அட்டவணையைப் படிக்கவே இல்லை. நீ படிச்சே.”

நான் என் மீனுக்குக் காசை எடுத்து வைத்தேன்.

“இப்போ என்ன பண்றே?” என்று கேட்டாள்.

“லாம்பெர்ட் ஓய்வு பெற்றுட்டார். அவர் இடத்துல இருக்கேன்.”

“இருப்பே” என்றாள். மீன் பொட்டலத்தை வாங்கி, சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.