தலைகீழ் நேர்காணல்

வீட்டில் அவனுக்கு 'இலவசம்' என்று பட்டப்பெயர். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. மிச்ச நேரமெல்லாம், யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு ஊழியம். யாராவது லேப்டாப்பைத் திறந்தால் போதும், "காசும் குடுத்து அடிமையாவும் இருக்கீங்களே" என்று ஆரம்பித்துவிடுவான். "உன்னுது இலவசமாமே?" என்று கேட்டால், "இலவசம் இல்ல, சுதந்திரம்!" என்று குதிப்பான். குதிக்கக் குதிக்கப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

அன்று பதினொரு மணிக்கு அவன் அக்காவுக்கு ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்தும் வேலைக்கு இணையவழி நேர்காணல். காலை எட்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால், பழைய இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உட்கார்ந்துவிட்டது. ஒன்பது மணிக்கும் திரையில் அதே வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா வேறு வழியில்லாமல் தம்பியைக் கூப்பிட்டாள். ஆறு வருடமாக அந்த அழைப்புக்காகவே காத்திருந்தவன், பத்து நிமிடத்தில் பென் டிரைவும் கையுமாக வாசலில் நின்றான்.

"அரை மணி நேரம் குடுக்கா. அப்புறம் பாரு, பறக்கும்."

சொன்னபடி அரை மணியில் புது இயங்குதளம் ஏறிவிட்டது. திரை பளிச்சென்று இருந்தது. வைஃபைதான் இல்லை.

"வைஃபை கார்டை அடையாளம் தெரியலைங்குது. அதுக்கு டிரைவர் இல்ல" என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். மதியப் பணிக்குச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "வண்டி இருக்கு, டிரைவர் இல்லையா? எங்க டிப்போல தினமும் இதே பாட்டுதான்."

"இது வேற டிரைவர், மாமா. கார்டை ஓட்டுற புரோகிராம். நெட்லேருந்து இறக்கணும்."

"இறக்கு."

"நெட் வர்றதுக்குத்தானே அந்த டிரைவரே வேணும்."

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். "அதாவது, டிரைவரைக் கூட்டிட்டு வர பஸ் அனுப்பணும். பஸ்ஸை ஓட்ட டிரைவர் வேணும். நல்லா இருக்குடா உங்க நிர்வாகம்."

கடைசியில் மாமாவின் போனைக் கேபிளில் மாட்டி, அதிலிருந்து நெட்டை எடுத்தார்கள். போனிலேயே பேசிவிடலாம் என்றால், பக்கம் காட்டித் தேர்வு வைப்போம், கணினி கட்டாயம் என்று கடிதத்தில் போட்டிருந்தது.

மணி பத்து ஐம்பது. கேமராவைப் போட்டுப் பார்த்தால் அக்கா தலைகீழாகத் தெரிந்தாள். கூரையிலிருந்து தொங்கினாள்.

"கேமராவை உள்ளே தலைகீழா மாட்டியிருக்கான்க்கா. பழைய சிஸ்டம் சத்தம் போடாம நிமித்திக் காட்டியிருக்கு. இதுக்கு அது தெரியல. ஒரே ஒரு கமாண்டு, ஒரு பத்து நிமிஷம்…"

"கையை எடு."

அக்கா லேப்டாப்பைத் தூக்கினாள். திரையை முழுக்கப் பின்னால் மடக்கி, கூடாரம் போல மேசைமேல் கவிழ்த்து வைத்தாள், உயரத்துக்கு அடியில் நான்கு அகராதிகளைக் கொடுத்தாள். கேமராவில் அவள் முகம் நேரானது. அவளுக்குத்தான் எல்லாம் தலைகீழ். தேர்வுக்குழுவினர் நால்வரும் திரையில் வௌவால்களாகத் தொங்கினார்கள்.

கேபிள் கழன்றுவிடாமல் பிடித்துக்கொண்டு தம்பி மேசைக்கடியில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு பக்கம் போடுறோம்" என்றார் பதிப்பகத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா. "மூணு நிமிஷம். பிழையைச் சொல்லுங்க."

பக்கமும் தலைகீழாகத்தான் வந்தது. தம்பி மேசைக்கடியிலிருந்து எட்டி, கழுத்தைத் திருகிப் பார்த்தான். ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அக்கா வேலையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று கேபிளை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"மூணாவது வரில 'பள்ளம்'னு வரணும், 'பல்லம்'னு போட்டிருக்கீங்க" என்றாள் அக்கா. "எட்டாவது வரில ஒற்று விட்டுப்போச்சு. பதினொண்ணுல எழுவாய் பன்மை, வினை ஒருமை. அப்புறம், ரெண்டாவது பத்தியே அஞ்சாவதாவும் வந்திருக்கு."

ஆசிரியர் அம்மா தன் கையிலிருந்த விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"அந்தக் கடைசிப் பிழை நாங்க வெச்சது இல்லையே."

"அப்ப நீங்க விட்டதுங்க."

எட்டு வருடம் ஒரு சின்ன அச்சகத்தில் முதலாளிக்கு எதிரே, ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். அவர் முடித்துவிட்டுப் பக்கத்தை இந்தப் பக்கம் தள்ளும்வரை பொறுமையில்லாமல், எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்துப் பழகியிருந்தாள். இது தம்பிக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அகராதி ஒன்று நழுவியது. லேப்டாப் மல்லாக்க விழுந்து கூரை, மின்விசிறி, மாமாவின் பனியன் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டியது. வேறு வழியில்லாமல் அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். வௌவால்கள் நான்கும் விழுந்து விழுந்து சிரித்தன.

"எங்க ஆபீஸ்ல பன்னெண்டு பழைய லேப்டாப் கிடக்கு" என்றார் ஆசிரியர் அம்மா. தம்பி ஆவலாக எழுந்ததில் தலை மேசையில் இடித்தது. "உங்க தம்பி அதுங்க பக்கம் வந்துடாம பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமை வேலைக் கடிதம் வந்தது. அக்கா முதலில் அதிலிருந்த இரண்டு பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டாள். பிறகுதான் அழுதாள். அழுது முடித்த கையோடு தம்பிக்குப் போன் போட்டு, டச்பேடு வேலை செய்யவில்லை என்று வாங்கு வாங்கென்று வாங்கினாள்.