வீட்ல என்ன சொல்றாங்க

அந்தப் பெரிய கூடத்தில் எண்கள்தான் முகவரி. வரிசை வரிசையாகச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, அந்தப் பக்கம் இரண்டு. அரை மணிக்கு ஒருமுறை கூடமே எழுந்து நின்று, கைகுலுக்கி, இடம் மாறி, மறுபடி உட்காரும். பேர்தான் புத்தகச் சந்தை. ஆசைப்பட்டு ஒரு புத்தகம் கேட்டால் கிடைக்காது. அதை வேறு மொழியில் கொண்டுவரும் உரிமைதான் இங்கே கைமாறும். வாங்க வருகிறவருக்குப் புத்தகத்தின் மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. விற்கிறவர் வாய்விட்டுச் சொல்வதுதான் சரக்கு.

"வாயை வச்சுப் பொழைக்கிற தொழில், அண்ணி," என்றான் கொழுந்தன். "அந்த வாய் அண்ணனோட போச்சு. எங்கிட்ட இருக்கிறது கையெழுத்துப் போடுற கை மட்டும்தான்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அண்ணனும் தம்பியுமாக நடத்திய சின்ன நிறுவனம் அது. அண்ணன் கதை சொல்வார், தம்பி ஒப்பந்தம் எழுதுவான். ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு நாவலை முழுதாகப் படித்தவனில்லை. காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம், "ரொம்ப நல்ல நாவல். ஒரு லிஃப்ட். பன்னிரண்டு மாடி," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் மாதிரிப் பக்கங்களை நீட்டினான். அவர்களும் மரியாதையாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மரியாதையாக எழுந்து போனார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் நிமிர்கிற பழக்கமில்லாதவள். இங்கே வந்து உட்கார்ந்ததற்கு அந்த ஒரே நாவல்தான் காரணம்.

அதை எழுதியவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். முதல் நாவல். எப்படியாவது ஒரு மொழிக்காவது இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் இவள் கணவர். உரிமையை விற்கும் பொறுப்பு இந்தச் சந்தை முடிகிறவரைதான் அவர்களிடம். அதன் பிறகு நாவலை வெளியிட்ட பதிப்பகத்துக்கே திரும்பிப் போய்விடும். பதிப்பாளரோ, இது கடல் தாண்டுகிற சரக்கில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். துக்கம் கேட்க வந்த வேன்காரப் பெண் போகும்போது வாசலில் நின்று, "விட்டுடுங்கக்கா. அவர் படிச்சாரே, அதுவே எனக்குப் போதும்," என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை இவளும் விட்டிருப்பாள்.

மாலையில் கடைசி ஆளாக வந்தவர் ஒரு வெளிநாட்டுப் பதிப்பாசிரியர். கணவரிடம் பல வருடங்களாகப் புத்தகம் வாங்கியவர். நாற்காலியில் உட்காருவதற்கே மூன்று மடிப்பாக மடிய வேண்டிய உயரம். கொழுந்தன் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்திருந்தான். ஆங்கிலம் அவருக்கும் இரவல், இவர்களுக்கும் இரவல். அதனால் யாரும் யாரையும் மிரட்டாமல் நிதானமாகப் பேச முடிந்தது. மனிதர் முதலில் கணவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.  அதுவே நன்றாக இருந்தது.

பிறகு லிஃப்ட் நாவலைச் சுட்டி, இதைப் பற்றி ஹவுஸ் என்ன சொல்கிறது என்று கேட்டார்.

பதிப்பகத்தையும் ஆங்கிலத்தில் அப்படித்தானே சொல்வார்கள்? கொழுந்தன் முந்திக்கொண்டான். பதிப்பகத்துக்கு இந்த நாவல்மேல் மலையளவு நம்பிக்கை என்று வாய் கூசாமல் அளந்தான்.

கொடிக்கம்பம் தலையை ஆட்டினார். அந்த ஹவுஸ் இல்லை என்றார். இன்னொன்று. அந்தக் கண்டிப்பான குழு. உங்கள் அண்ணன் எந்தப் புத்தகத்தைச் சொன்னாலும் கடைசியில் அவர்கள் தீர்ப்பைச் சொல்லாமல் விட்டதில்லை. மலைப்பாதை நாவலில் ஹவுஸ் மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டது. வழக்கறிஞர் நாவலில், அந்தக் கதாநாயகனுக்கு யாராவது இரண்டு அறை விட்டிருந்தால் கதை பாதியிலேயே முடிந்திருக்கும் என்று ஹவுஸ் சொன்னது. இரட்டையர் நாவலுக்கு ஹவுஸ் அழுதது. ஆனால் வெங்காயம் நறுக்கியதால் வந்த கண்ணீர் என்று சாதித்தது.

சொல்லச் சொல்ல அவளுக்குக் காது மடல் சுட்டது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கொழுந்தனுக்கு விஷயம் புரிந்து, சிரிப்பை அடக்க முடியாமல் மேசைமேலேயே கவிழ்ந்தான்.

"அண்ணி, அந்தக் குழு நீங்கதான். 'வீட்ல சொல்றாங்க, வீட்ல சொல்றாங்க'ன்னு அண்ணன் சொல்லுமே, அதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

கணவர் அவள் பெயரை வெளியில் சொல்லமாட்டார். மனைவி என்ற சொல்கூட அவர் வாயில் வராது. யாரிடம் பேசினாலும் 'வீட்ல'தான். அதுவும் மரியாதை குறையாமல், 'வீட்ல தூங்கிட்டாங்க', 'வீட்ல அழுதாங்க'. கதையைக் கடலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகத் தெரிந்த மனிதர் அந்த ஒரு சொல்லை மட்டும் தூக்கிப்போய் அப்படியே வைத்துவிட்டார். வீடு ஹவுஸ் ஆனது. மரியாதைக்குப் போட்ட 'ஆங்க' அங்கே போய் ஒரு கும்பலே ஆகிவிட்டது.

கொழுந்தன் இதை விளக்கி முடிக்கிறவரை கொடிக்கம்பம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் அலுவலகத்தில் இந்தக் குழுவைப் பற்றி விவாதமே நடக்கும் என்றார். ஆறு பேர் இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதில் ஒருவருக்குத் தூக்க வியாதி என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. புதுப் புத்தகம் எடுப்பதா வேண்டாமா என்று கூட்டத்தில் இழுபறியானால், சரி, ஹவுஸ் என்ன சொல்லும் என்று யாராவது கேட்பார்களாம். மற்ற நாட்டுப் புத்தகங்களுக்கும் அந்தக் கேள்விதான். சொல்லிவிட்டு மனிதர் எழுந்தார். மேசைக்கு மேலாகக் குனிந்து அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

 அவள் அடுப்படியில் நின்றபடி எரிச்சலில் சொன்னது, பாதித் தூக்கத்தில் முனகியது, எதையும் கணவர் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொண்டதில்லை. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவர் என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். விடவில்லை. ஒரு சொல் சிந்தாமல் ஏந்திக்கொண்டுபோய், அவள் கண்ணால் பார்த்திராத மனிதர்கள் முன்னால் வைத்திருக்கிறார். அதுவும் தன் கருத்துக்கு மேலே.

கொடிக்கம்பம் உட்கார்ந்தார். அவருக்குச் சொல்ல இன்னொன்று இருந்தது. கடைசியாக உங்கள் கணவர் மருத்துவமனையிலிருந்து பேசினார். குரல் எட்டவே இல்லை. ஆனாலும் இந்த நாவலை முழுக்கச் சொன்னார். ஹவுஸ் என்ன சொல்கிறது என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்: "வீட்ல இன்னும் படிச்சு முடிக்கல. பொறுங்க."

அதனால் பொறுத்தேன் என்றார் அவர். அடுத்த வருடப் பட்டியலில் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. இரண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹவுஸ் படித்து முடித்துவிட்டதா?

அவள் நெஞ்சில் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. மருத்துவமனையில் அவரால் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை, படித்துக் காட்டு என்று கேட்டார் என்பதால்தான் படித்தாள். ஏற்கெனவே படித்ததைத் திரும்பக் கேட்கிறாரே, பாவம், பொழுது போகட்டும் என்று நினைத்தாள். பொழுது போகவா கேட்டார்? அந்த நிலையிலும் மனிதர் வேலையில்தான் இருந்திருக்கிறார். தனக்காக இல்லை, அவள் படிக்க வேண்டுமென்று கேட்டிருக்கிறார்.

"முடிச்சிட்டேன்," என்றாள்.

தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல ஆரம்பித்தாள். நாவலில் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மாடிக்கு ஓர் அத்தியாயம். முதல் மூன்று மாடியும் இழுவை என்றாள். மேசைக்கு அடியில் கொழுந்தன் அவள் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். அதில் பாதியை வெட்டினாலும் நஷ்டமில்லை என்று தொடர்ந்தாள். மூன்றாவது மாடியைப் படித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கண் மூடியிருந்ததைப் பார்த்துவிட்டு, நான்காவது மாடியை அப்படியே தாண்டி ஐந்தாவதற்குப் போய்விட்டேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

அவர் கேட்டதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை. தமிழிலேயே சொன்னாள்.

"ஏம்மா, நாலாவது மாடியில யாரும் குடியில்லையா?"

கொழுந்தன்தான் அதை மொழிபெயர்த்தான்.  

அன்று திரும்பப் போய் நான்காவது மாடியைப் படித்ததைச் சொன்னாள். அந்தத் தளத்தின் பொத்தான் கெட்டுவிட்டதாக வாரம் தவறாமல் புகார் வருகிறது. மெக்கானிக் போய்ப் பார்த்தால் பழுதே இல்லை. ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். கதவு திறக்கும்போது உள்ளே ஒரு முகம் தெரியுமே, அதற்காகவே ஏறாமல் சும்மா சும்மா அழுத்துகிறார். மெக்கானிக்குக்கு இது பிடிபட்டதும், பழுது இன்னும் சரியாகவில்லை, அடுத்த வாரமும் வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான் அத்தியாயம்.

"அதுக்கப்புறம் நான் புத்தகத்தைக் கீழ வைக்கல," என்றாள். இப்போது தமிழில்தான் பேசினாள். கொழுந்தன் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டுவந்தான். "ஒம்பதாவது மாடி படிக்கிறப்ப அவர் போயிட்டார். மீதி மூணு மாடியையும் வீட்டுக்கு வந்து படிச்சேன். யாருமில்ல. ஆனாலும் சத்தமாத்தான் படிச்சேன். மனசுக்குள்ள படிக்க வரல."

கொடிக்கம்பம் குறிப்பேடு எதையும் எடுக்கவில்லை. மாதிரிப் பக்கங்களில் நான்காவது மாடி இருக்கிறதா என்று கேட்டார். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. வழக்கப்படி முதல் இரண்டு அத்தியாயங்களைத்தான் மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தான்.

அதாவது காலையிலிருந்து இந்தக் கூடத்துக்கே இழுவையை மட்டும் விநியோகித்திருக்கிறீர்கள் என்றார் கொடிக்கம்பம். முதல் முறையாகச் சிரித்தார். அந்த ஒற்றை இடம் இந்த நாவலுக்கு என்றார். வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம், ஒப்புதல் எழுத்துமூலம் நாளைக் காலையில், சந்தை முடியும் முன்பே வரும். முதல் மூன்று மாடியைப் பற்றி எழுத்தாளரிடம் பேச அனுமதி வேண்டும். ஹவுஸ் அதற்குத் துணை நிற்க வேண்டும்.

அவர் போனதும் கூடத்தில் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். கொழுந்தன் காகிதங்களை அடுக்குவதுபோல் குனிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கால மிதிச்சதுக்கு மன்னிச்சுக்குங்க அண்ணி," என்றான்.

"மிதிச்சது நல்லதுதான் தம்பி. இல்லேன்னா நான் இன்னும் நாலு குறை சொல்லியிருப்பேன்."

வெளியே படிக்கட்டில் நின்று வேன்காரப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் குழந்தைகளின் கூச்சல். வண்டியை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னாள்.  யாரோ ஒரு பொடியன், "டிரைவரக்கா அழறாங்க," என்று மற்றவர்களுக்கு அறிவித்தான்.

நன்றி என்று அவள் ஆரம்பித்ததும் இவள் தடுத்தாள். "எனக்குச் சொல்லாதீங்க. மொத மூணு மாடி இழுவைன்னு சொல்லித்தான் வித்திருக்கேன். உங்ககிட்ட கேட்காமலே."

வேன்காரப் பெண் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"அவரும் அதையேதான் சொன்னாருக்கா. நான்தான் ஒத்துக்கல."

கல்யாணமான நாளிலிருந்து எந்தப் புத்தகத்திலும் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதில்லை. அவர் நன்றாக இருக்கிறது என்றால் இவள் உதட்டைப் பிதுக்குவாள். இவள் விடிய விடியப் படித்ததை அவர் புரட்டிவிட்டு மூடுவார். இந்த ஒரு தடவை இரண்டு பேரும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். தன் கருத்தை முன்னால் வைத்து அவள் கருத்தைக் கலைத்துவிடக் கூடாதென்று, வலியோடு வாயை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார் மனிதர்.

"ஒத்துக்குங்க," என்றாள் அவள். "நாங்க ரெண்டு பேரும் சொல்றோம்."