எண்பது சுற்று

"பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது..."

"இருபத்தாறு!" என்றாள் அக்கா, கட்டிலிலிருந்து.

தையல்காரரின் விரல் அப்படியே நின்றது. அடுத்தது இருபதா, இருபத்தேழா? போயே போச்சு. பொம்மை ரயிலின் மோட்டாரில் சுற்றிக்கொண்டிருந்த, தலைமுடி கனத்துச் செப்புக் கம்பியை அவர் மறுபடியும் அவிழ்க்கத் தொடங்கினார்.

"அக்கா, உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? மூணாவது தடவை அவுக்குறேன்."

"ஏன்டா ஊசி, மனசுக்குள்ள எண்ணித் தொலைக்கக் கூடாதா?"

"வாய்விட்டு எண்ணினாத்தான் எனக்கு வரும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். அதுக்குத்தானே சொன்னேன்!"

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. சிரிப்பு இருமலாக மாற, சமையலறையிலிருந்து பாப்பா ஓடி வந்து தலையணையை உயர்த்தினாள். பாப்பா அக்காவின் ஒரே மகள். நாற்பது தாண்டியும் இந்த வீட்டில் அவள் பாப்பாதான்.

காலையில் வந்த நர்ஸ், அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு பாப்பாவை வெளியே கூப்பிட்டு மெதுவாகப் பேசினாள். அக்காவின் உடம்பில் எது கெட்டாலும் காது மட்டும் கெடவில்லை. "இன்னைக்கா, நாளைக்கா? சத்தமாத்தான் சொல்லேன்மா" என்று உள்ளேயிருந்து கேட்டாளாம். பிறகு மகளிடம், "ஊசிக்கு போன் போடு. ரயிலை இன்னைக்கே ஓட்டிக் காட்டச் சொல்லு. நாளைக்கு எனக்கு வேற வேலை இருக்கு" என்றாளாம்.

அவர் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். பரணிலிருந்து இறங்கிய பொம்மை ரயில் இன்ஜின் இருவருக்கும் பொதுவாக அப்பா வாங்கிக் கொடுத்தது. பத்து வயதில் அக்காவுக்கு பேட்டரியில் ஓடும் அதன் வேகம் போதவில்லை. வயரை நேராகச் சுவரில் இருந்த பிளக்கில் சொருகிவிட்டாள். நீலப் புகை கிளம்பியதும் "தம்பிதான்" என்று கையைக் காட்டிவிட்டாள்.

"அன்னைக்கு உன்னால எவ்வளவு அடி வாங்கினேன் தெரியுமா?"

"அடி வாங்கினது நீ. அதைப் பாத்து அழுதது நான். சரியாப் போச்சுல்ல?"

இன்ஜினின் மோட்டார் ஒரு கட்டைவிரல் அளவுதான். நடுவே மூன்று கிளைகள் உள்ள இரும்புத் துண்டு. கருகிய பழைய கம்பியை உரித்தபோது கிளைக்கு எண்பது சுற்று இருந்தது. மூன்றிலும் அதே எண்பது இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் இன்ஜின் நொண்டும். காலமெல்லாம் நூலோடு பழகிய விரல்கள் என்பதால் முதல் கிளை சிரமமில்லாமல் முடிந்திருந்தது. அக்காவின் அட்டகாசம் ஆரம்பித்தது இரண்டாவதில்தான். நாலாவது முயற்சியில் அதையும் ஒருவழியாக முடித்தார். அதற்குள் பாப்பா தண்டவாளத்தை அறை முழுக்க வளைத்துப் போட்டிருந்தாள். அது கட்டிலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"குகை!" என்றாள் அக்கா. அவள் கண் அப்படிப் பளபளத்து அவர் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"மூணாவது ஆரம்பிக்கிறேன். வாயைத் திறந்தே, கெட்ட கோபம் வரும்."

"திறக்கல, போடா."

முப்பது வரை பொறுத்தாள். "நாப்பத்தஞ்சு!"

"முப்பத்தொண்ணு!" என்று அவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். ஏமாறவில்லை! அக்கா மெல்லச் சிரித்தது காதில் விழுந்தது.

பிறகு அவள் வாயே திறக்கவில்லை. ஐம்பது. அறுபது. பரவாயில்லையே, ரயிலைப் பார்க்கிற ஆசையில் அடங்கிவிட்டாள் என்று அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. எழுபது. நெற்றி வியர்வை மூக்கில் இறங்கியும் துடைக்கவில்லை.

"எண்பது! அக்கா, எண்பது! ஒண்ணுகூடத் தப்பல!"

அக்காவின் கண் மூடியிருந்தது. உதட்டோரம் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"நடிக்காதே." சிறுவயதில் அவரை அழவைப்பதற்காகவே அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பாள். "போதும், எந்திரி. பாப்பா, உங்கம்மா பண்றதப் பாரேன்."

பாப்பா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்மாவின் மூக்கருகில் விரலை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"மாமா" என்றாள். அவ்வளவுதான்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. எடுத்துப் போகும் வண்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள். தையல்காரர் மோட்டாரை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மூலையில் நின்றார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தண்டவாளத்தில் தடுக்கி, விழாமல் சமாளித்தார்.

"இதை எடுத்துடலாமேம்மா. வர்றவங்க விழுந்து வைக்கப் போறாங்க."

"தாண்டி வரட்டும்" என்றாள் பாப்பா. பிறகு மூலையைப் பார்த்தாள். "மாமா, இன்னும் என்ன பாக்கி?"

"கம்பி முனையைச் சுரண்டி, ஈயம் உருக்கிப் பத்தவைக்கணும்."

"அப்ப முடிங்க. நாளைக்கு வேலை இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்கல்ல."

ஈயம் இரண்டு முறை தரையில் சொட்டியது. மோட்டாரைப் பொருத்தி, இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து, பேட்டரி வயரைத் தொடுத்தார். அசையவில்லை. ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினார். இன்ஜின் உதறிக்கொண்டது, முனகியது, குபீரென்று கிளம்பியது!

"அடேயப்பா, ஓடுதுய்யா!" என்று கத்தியவர் அதே பக்கத்து வீட்டுக்காரர். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். தையல்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷம் நெஞ்சில் கொள்ளவில்லை. பாத்தியாக்கா என்று கட்டில் பக்கம் திரும்பியவர், கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்தொன்றில் சிரித்தாள். அதற்கப்புறம் எந்த எண்ணில் போனாள்?

இன்ஜின் குகைக்குள் போய் மறுபக்கம் வந்தது. "ஒண்ணு" என்றார், தனக்கே தெரியாமல். மறுபடி போய் வந்தது. "ரெண்டு." அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு இன்ஜினையே பார்த்தார்கள். "அஞ்சு... ஆறு... ஏழு..."

"பன்னெண்டு!" என்றாள் பாப்பா, அம்மாவின் தலைமாட்டிலிருந்து.

தையல்காரரின் உதடு நின்றுவிட்டது. எட்டா, பதின்மூன்றா? இன்ஜின் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. அது வெளியே வரும்வரை காத்திருந்தார்.

"ஒண்ணு" என்றார்.